பந்தியில் சிக்கிய டிஸ்க்

ஆமத்தூரில் நடந்த என் சித்தி மகள் கல்யாண வீடியோவில் அப்பா மூன்றே நொடிதான் வருவார். பந்தியில் சாம்பார் வாளியோடு நிமிர்ந்து, கேமராவைப் பார்த்துச் சிரிப்பார். அவர் பட்டாசு லோடு லாரி டிரைவர். சீசனில் வீடு தங்கியதே இல்லை. போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். அவர் இருக்கிற வீடியோ எங்களிடம் அது ஒன்றுதான்.

ஞாயிறுதோறும் அம்மா அந்த டிஸ்க்கைப் போடுவாள். எங்கள் பழைய டிவிடி பிளேயரில் சரியாக அந்த இடத்தில் படம் சிக்கி, அரை நிமிடம் கழித்துத்தான் நகரும். எனக்கோ எரிச்சல். திருத்தங்கல் அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் வீட்டிலேயே இப்படியா!

கூட்டம் அசைகிற காட்சியில் வீடியோவின் பிட்ரேட், அதாவது நொடிக்கு ஓடும் தகவலின் அளவு, எகிறுவதைப் பிளேயர் தாங்கவில்லை என்று கண்டுபிடித்தேன். அதைக் குறைத்து, வேறு டிஸ்க்கில் பதிந்தேன். இரண்டு வீணாகி, மூன்றாவது தண்ணீர் மாதிரி ஓடியது.

"எம்மா, இனிமே சிக்காது, பாரு."

பந்தி வந்தது. அப்பா நிமிர்ந்தார், சிரித்தார், போய்விட்டார்.

அம்மா திரையையே பார்த்தபடி கேட்டாள்: "ஏலே, அம்புட்டுத்தானா?"

அவசரமாகப் பின்னால் ஓட்டி, ரிமோட்டில் நிறுத்திக் காட்டினேன்.

"நீ நிப்பாட்டுனா, அவுகளா நின்ன மாதிரி இல்லலே."

நல்லவேளை, பழைய டிஸ்க்கை நான் உடைத்துப் போடவில்லை. அதையே மறுபடி போட்டேன். வாளியோடு அப்பா நின்றார். நானும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். உயிரோடு இருந்த காலத்தில் அவர் முகத்தை நான் ஒரு தடவைகூட அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.