வாசலில் நின்ற மச்சான்

மிளகாய் வத்தல் வியாபாரத்தில் தும்மலைப் பொறுத்துக்கொள்ளலாம், சந்தேகத்தைப் பொறுக்க முடியாது. கமுதியில் எங்கள் குடோனிலிருந்து கன்டெய்னர் தூத்துக்குடித் துறைமுகம் போகும். அங்கே சுங்கத்துறையினர் அதைத் திறந்து மூட்டைகளைப் பிரித்துப் பார்ப்பார்கள். அதற்குள் கப்பல் கிளம்பிவிடும். நம்பகமான வணிகர் என்று அவர்கள் ஏற்றுக்கொண்டால் இந்தச் சோதனை குறையும். அதற்கு, குடோனில் இறங்கியதிலிருந்து கப்பல் ஏறும்வரை சரக்கில் வேற்றாள் கை படவில்லை என்று நாம் காட்ட வேண்டும். அதைக் காட்டும் வேலை என் தலையில் விழுந்தது. இந்தப் பாட்டைப் பட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சந்தனம் பூசிய சீல்

கன்டெய்னர் கதவைப் பூட்டி, எண் பொறித்த சீலை மாட்டினோம். வழியில் எங்கும் நிற்கக் கூடாது என்று டிரைவர் முருகேசனிடம் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன். அவர் ஐயனார் கோயிலில் வண்டியை நிறுத்தி, கற்பூரம் காட்டி, சீல் மேல் சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வைத்துவிட்டார். துறைமுகத்தில் எண்ணைப் படிக்க முடியவில்லை. காய்ந்த சந்தனத்தைச் சுரண்டிய அடையாளம் வேறு சந்தேகத்தைக் கிளப்பியது. பெட்டியைத் திறந்தார்கள், கப்பல் போனது.

இனி ஒருமுறை தவறினால் வேறு ஊரில் வாங்கிக்கொள்வதாக எங்களிடம் வத்தல் வாங்கும் வெளிநாட்டு வியாபாரி சொல்லிவிட்டார். அவர் போனால் குடோனைப் பூட்ட வேண்டியதுதான். முருகேசனைக் கண்டபடி ஏசினேன். அவருக்கு முகம் வாடிப்போயிற்று. "காவலுக்குத்தானே சார் வச்சேன்!" என்றார்.

கேட்டில்

எங்கள் குடோனுக்குள் நிழலுக்கும் தண்ணீருக்கும் யார் வேண்டுமானாலும் வருவார்கள். அடையாள அட்டை இல்லாத ஒருவரையும் உள்ளே விடக் கூடாது என்று வாட்ச்மேன் மாயழகுவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். வருகிறவர்களில் பாதிப் பேர் அவருக்குச் சொந்தம். "சொந்தக்காரவுகள யாருன்னு எப்படி சார் கேக்குறது?" என்று திணறினார். கேட்கத்தான் வேண்டும் என்றேன்.

மறுவாரம் சிக்கல் கிராமத்திலிருந்து சேதுராமன் வத்தல் கொண்டுவந்தார். எங்களுக்கு வெகுகாலமாகச் சரக்குப் போடும் மிளகாய் விவசாயி, மாயழகு மனைவியின் அண்ணன். வழக்கம்போல உள்ளே நடந்தவரை மாயழகு மறித்து, தலையைக் குனிந்துகொண்டு அட்டை கேட்டார். சேதுராமனிடம் அட்டை இல்லை. அவர் மூட்டைகள் உள்ளே போயின, அவர் வெயிலில் நின்றார். சுமை தூக்குகிறவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் நெஞ்சு உறுத்தியது. கிளம்பும்போது அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "என் தங்கச்சியக் குடுக்கும்போது நீங்க யாருன்னு நான் கேக்கலையே மாப்பிள்ளை."

லட்டு தின்னாதவர்

தகுதி தருமுன் குடோனைச் சோதிக்க வந்த சுங்க அதிகாரி பூட்டு, வேலி எல்லாம் பார்த்துவிட்டு மாயழகுவிடம், "சொந்தக்காரங்க வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டார். "எம் மச்சானையே வெளிய நிறுத்துனேன்யா" என்று சொல்லும்போதே மாயழகுவுக்குக் குரல் உடைந்தது. அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார்.

நம்பகமானவர் என்ற தகுதி கிடைத்தது. முதலாளி எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். மாயழகு அதைக் கையிலேயே வைத்திருந்தார். அவர் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். மச்சான் வீட்டுக்குப் போய் அழைத்தும் அவர் வாயே திறக்கவில்லையாம். "தாய்மாமன் வரலேன்னா, யாரு மடியில சார் எம்புள்ளைய உக்கார வைக்கிறது?" என்றார்.

காதுகுத்து

ஆசாரி கம்பியோடு காத்திருந்தார். குழந்தை பட்டுப்பாவாடையில் சிணுங்கிக்கொண்டிருந்தாள். மாயழகு மண்டப வாசலை விட்டு நகரவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. யார் மடியிலாவது உட்கார வையுங்கள் என்று பெரியவர்கள் சொல்லத் தொடங்கிய நேரத்தில் சீர்த்தட்டுகளோடு சேதுராமன் குடும்பம் வந்தது.

அவர் உள்ளே வரவில்லை. வாசலில் நின்று, சட்டைப்பையிலிருந்து வாக்காளர் அட்டையை எடுத்து மாயழகுவிடம் நீட்டினார். யாரும் சிரிக்கவில்லை. மாயழகு அட்டையை வாங்காமல் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். சேதுராமனுக்கும் கண் கலங்கியது, ஆனாலும் கேட்டே விட்டார்: "பாத்துக்கங்க மாப்பிள்ளை, புள்ளைக்குத் தாய்மாமன் நான்தான். உள்ள வரலாமா?"

அதன்பின் துறைமுகத்தில் எங்கள் பெட்டியை அநேகமாக யாரும் திறக்கவில்லை. நன்றாகத் தெரிந்தவரையே யாரென்று கேட்டுத்தான், தெரியாதவர்களின் நம்பிக்கையை நாங்கள் வாங்கினோம்.