டொக்டரிடம் சொன்ன பொய்

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பியபின் நாங்களும் என் கணவரின் அக்காவான மச்சாளின் குடும்பமும் இலுப்பைக்கடவையில் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரு ஹோல், ஒரு அறை, எட்டுப் பேர். சமையல் வெளியே கிடுகுக் கொட்டிலில்.

ஒரு மாரியில் காற்று கொட்டிலைச் சரித்துவிட்டது. காஸ் அடுப்பு வாங்க வசதியில்லை. அடுப்புக் கற்களைத் தூக்கி ஹோல் மூலையில் வைத்தேன். விறகெல்லாம் நனைந்திருந்ததால், கரையில் உடைந்து கிடந்த வள்ளத்தின் பலகைகளை எரித்தோம். பெயின்ற் பூசிய பலகை. புகை கறுப்பாக எழுந்து தொண்டையை அறுத்தது.

மச்சாளுக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு, மூச்சிழுப்பு.

“கதவைக் கொஞ்சம் திறந்து விடுங்கோ, மூச்சு முட்டுது” என்பார்.

“மழை உள்ளுக்கு அடிக்குது. கொஞ்சம் பொறுங்கோவன்” என்பேன்.

சமைக்காமலிருக்கச் சாட்டுத் தேடுகிறார் என்றே நினைத்தேன். அந்த நெருக்கடியில் எனக்கு எல்லார் மீதும் எரிச்சல்.

ஒருநாள் மத்தியானம் சோறு வடித்துவிட்டுத் திரும்பினால், சுவரில் சாய்ந்திருந்த மச்சாளின் உதடு நீலம் பாரித்திருந்தது. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன். ஒட்சிசன் வைத்தார்கள்.

டொக்டர் கேட்டார்: “வீட்டுக்குள்ள விறகடுப்பு எரிக்கிறனீங்களோ?”

“இல்லை டொக்டர். காஸ்.”

கதவைச் சாத்தி வைத்தவள் நான்தான் என்பது வெளியே வந்துவிடுமோ என்ற பயம். மச்சாள் கண் திறந்து என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை.

“அப்ப இந்தக் குளிர்தான். கூதல் காத்துப் படாமல் வைச்சிருங்கோ” என்று டொக்டர் மருந்து தந்து அனுப்பினார்.

மச்சாளின் கணவர் டொக்டர் சொன்னதை அப்படியே கேட்டு நடந்தார். யன்னல்களைச் சாத்தினார், கதவு இடுக்கில் பழஞ்சீலை செருகினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வள்ளப் பலகையை நிறுத்தி, சுள்ளி மட்டும் எரித்தேன். அது போதும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

இரண்டு கிழமை போகவில்லை. மச்சாளுக்கு மறுபடி இழுத்தது. ஓட்டோவில் என் மடியில் தலை வைத்திருந்தவரின் மூச்சு, ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்பே நின்றுவிட்டது.

எட்டாம் நாள் சடங்கு முடிந்த அன்று அடுப்பை முற்றத்தில் வைத்து, மேலே மழைக்குத் தறப்பாள் கட்டினேன். ஏனென்று யாரும் கேட்கவில்லை.

செத்தவீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் மச்சாளின் கணவர் என்னைக் காட்டி, “தங்கச்சிதான் ரெண்டு தரமும் தூக்கிக்கொண்டு ஓடினவா” என்று சொல்லி அழுதார். இப்போதும் சொல்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டு தேத்தண்ணி ஊற்றுகிறேன்.