பூசையில் இருந்த கிற்றாரும் நான் திட்டித் தீர்த்த கள்ளனும்

முதலில் இந்தப் பேப்பரை வாசிக்கிற உங்களிடம் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. பெயர் மறக்கும், கிழமை மறக்கும், அடுப்பில் தேத்தண்ணி வைத்ததே மறக்கும்…

ஆனால் போன சனிக்கிழமை நடந்தது மறக்காது. எழுத இருந்தால் சிரிப்பு வந்து கை ஆடுகிறது. எழுத்து வழக்கத்தைவிடக் கோணினால் அதுதான் காரணம்.

என் மருமகள் மதுரா, மகன் சுதனின் மனைவி, இந்தக் குளிர் நாட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை. மற்ற நேரமெல்லாம் கிற்றார்தான். தானே பாட்டுக் கட்டி, தானே பாடுவாள்.

அந்தக் கிற்றாரை அவள் வைத்திருக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும்! காரில் முன் சீற்றில் இருத்தி பெல்ற் போடுவாள். நான் ஏறப் போனால், "மாமி, கொஞ்சம் பின்னால இருப்பீங்களா?" என்பாள். குளிர்காலத்தில் காற்றுக் காய்ந்தால் மரம் வெடித்துவிடுமாம். அதற்கென்று அறையில் ஈரக்காற்று விடுகிற மெஷின் ஒன்று. போன மாரியில் எனக்கு உதடு வெடித்தபோது நானும் போய் அந்த அறையில்தான் படுத்தேன். வேறு என்ன செய்வது?

சிரித்தாலும் காரணம் எனக்குத் தெரியும். கிற்றாரின் வட்டத் துளைக்குள் எட்டிப் பார்த்தால் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கும். அதில் 'மதுரா' என்று தமிழில் எழுதியிருக்கும். அவளுடைய அப்பா எழுதி ஒட்டியது. அவர் இப்போது இல்லை. மதுராவுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அந்த ஒரு சொல்லைத் தவிர.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் இருக்கும் டோர்செட் பார்க்கில், எங்கள் கட்டிடத்தில் வயதானவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். தலைவி பவளக்கா. ஊரில் பள்ளிக்கூட அதிபராக இருந்தவர். இப்போதும் எங்களுக்கு அதிபர்தான். சரஸ்வதி பூசைக்குக் கீழே பார்ட்டி ரூமை எடுத்திருந்தோம். ஆறாம் மாடி வீட்டார் வீணை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கடைசி நேரத்தில் அது ஒரு கச்சேரிக்குப் போய்விட்டது. மிஞ்சியது ஒரு சோடி தாளமும், பாதிக் கட்டை ஊமையான ஆர்மோனியமும்.

"வாத்தியம் இல்லாமல் என்ன வாணி விழா?" என்று பவளக்கா எல்லோரையும் பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்தோம்.

இத்தனை வருடத்தில் கூட்டத்தில் நான் வாய் திறந்தது கிடையாது. வடை கொண்டுபோவேன், மூலையில் இருப்பேன், வருவேன். அன்றைக்கு எப்படித்தான் கை தானாக உயர்ந்ததோ…

"எங்கட வீட்டில… ஒரு கிற்றார் இருக்கு."

"அப்ப சரஸ்வதி ஜீன்ஸ் போட்டெல்லோ வரவேணும்!" என்றார் பொன்னுத்துரை அண்ணை. எங்கள் குழுவில் பகிடிக்கென்றே இருக்கிற மனிதர். எல்லோரும் சிரிக்க, எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

பவளக்கா சிரிக்கவில்லை. "ஏன், கிற்றாருக்கென்ன? தந்தி இருக்கோ இல்லையோ? கொண்டு வாங்கோ."

எனக்கு எவ்வளவு புளுகம், எவ்வளவு சந்தோசம் தெரியுமா?

சனிக்கிழமை காலை மதுரா வேலைக்குப் போய்விட்டாள். அவளுக்குக் கச்சேரி ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். அது ஞாயிற்றுக்கிழமை என்று என் நினைப்பு. எதற்கும் ஒரு தாளில், 'பிள்ளை, உங்கட கிற்றாரைக் கீழே பூசைக்குக் கொண்டுபோறன், பயப்படாதேங்கோ' என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். பிறகு கைக்குழந்தையைத் தூக்குவது போலக் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு எலிவேற்றரில் இறங்கினேன்.

பூசை நல்ல வடிவாக நடந்தது. கிற்றாரின் நெஞ்சில் மூன்று குறி விபூதி, நடுவில் சந்தனம், குங்குமம், தந்தியில் ஒரு செவ்வந்திப் பூ. முடிந்ததும் பவளக்கா கதவைப் பூட்டித் திறப்பைக் கைப்பைக்குள் போட்டார். "நாளைக்குக் காலமை விஜயதசமி. அதுவரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது."

மகள் வந்து அப்படியே என்னை மிசிசாகாவில் இருக்கிற தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். என் ஃபோன் எங்கள் வீட்டுக் குசினியில் சார்ஜில் கிடந்தது. மறதி!

மத்தியானம் சாப்பிட்ட பிறகு, மகளின் அயலில் இருக்கும் சுபா வந்து வட்ஸ்அப்பில் வந்ததை வாசித்தாள். "அன்ரி, உங்கட பக்கத்திலயாம். டோர்செட் பார்க்கில கிற்றார்க் களவு. வீடு வீடா நாலு கிற்றார் போயிட்டுதாம்!"

எனக்கு வந்த கோபம்! "உவன் உருப்படுவானே? பிள்ளையள் ஆசையா வைச்சிருக்கிற சாமானை எடுத்த கை முடங்கிப் போகாதோ?" வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். சுபா கூட, "ஐயோ அன்ரி, காணும்" என்றாள்.

உடனே மதுராவுடைய நினைவு வந்தது. மகளின் ஃபோனை வாங்கி அவளுக்கு எடுத்தேன்.

"பிள்ளை, நான் மாமி. கிற்றார் கவனம். எங்கட பில்டிங்கில கள்ளன் திரியிறானாம். நாலு போயிட்டுதாம்!"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு ஒரு விம்மல்.

"மாமி… நாலு இல்ல. வண். அது என்ட கிற்றார். இட்ஸ் கோன், மாமி. அப்பாட ரைற்றிங்…"

"உங்கட கிற்றாரோ? அது கீழ சரஸ்வதிக்குப் பக்கத்திலயெல்லோ இருக்கு!"

"வாட்?"

"எழுதி ஃபிரிட்ஜில ஒட்டினனான், பிள்ளை!"

"ஓ மை கோட்! அது உங்கட பேப்பருக்கு எழுதுற ஆர்ட்டிகிள் எண்டு நினைச்சன். கீழ விழுந்திடும் எண்டு ட்ராயருக்குள்ள பத்திரமா வைச்சனான்!"

இதில் யாரைக் குறை சொல்வது? தமிழ் வாசிக்கத் தெரியாத அவளையா, இங்கிலிஷ் எழுதத் தெரியாத என்னையா? ஆனால் ஒன்று… என் எழுத்துக்கு அந்த வீட்டில் இவ்வளவு மரியாதை இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஃபோனை வைத்துவிட்டு என் இரண்டு கையையும் ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்தேன். நல்லகாலம், முடங்கவில்லை.

நடந்தது இதுதான். மகன் சுதன், அம்மாவுக்குப் பிரஷர் ஏறும் என்று எனக்குச் சொல்லாமல், தன் கூட்டாளிகளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறான். அது குறூப் குறூப்பாகப் போய், ஒன்று நாலாகி, மிசிசாகாவில் என் காதுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

கதை இதோடு முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஐந்து நிமிடத்தில் திரும்பவும் மதுரா. "மாமி, ஷோ இண்டைக்கு. ஏழு மணிக்கு. அந்த அன்ரி கீ தர மாட்டாவாம்!"

இண்டைக்கோ! முதன்முதலாக அவள் தன் பாட்டுகளை மட்டும் தனியாகப் பாடுகிற நாள். சுதன் வேறு கிற்றார் எடுத்துத் தருவதாகச் சொல்ல, "அது இல்லாமல் நான் மேடைக்கு ஏற மாட்டன்" என்று நிலத்தில் இருந்துவிட்டாளாம்.

மகள் காரை எடுத்தாள். 401 நெடுஞ்சாலை அன்றைக்கென்று ஊர்ந்தது. நான் முன் சீற்றில் இருந்து, இல்லாத பிறேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தேன்.

போய்ச் சேர மணி ஐந்தரை. பார்ட்டி ரூம் வாசலில் பெரிய கூட்டம். பவளக்கா கைப்பையைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு கதவுக்கு முன்னால் நிற்கிறார். கண் சிவந்து மதுரா. கெஞ்சிக் களைத்த சுதன். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, விபூதி பூசிக்கொண்டு கிற்றார்!

"பூசையில வைச்சதை இடையில எடுக்கிறதோ? நான் விடமாட்டன். பாவம் ஆருக்கு?" என்றார் பவளக்கா.

"அன்ரி, ப்ளீஸ்…"

"ஐயரைக் கேப்பம்" என்றார் பொன்னுத்துரை அண்ணை.

"ஐயர் இண்டைக்கு ஏழு இடத்தில பூசை. ஃபோன் எடுக்கமாட்டார்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கொண்டுவந்து வைத்தவள் நான்தானே? எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்போது மதுரா கண்ணாடியில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்தாள். அந்தக் காகிதத்தைத் தேடுகிறாள் என்று எனக்கு விளங்கியது. அவ்வளவு தூரத்திலிருந்து அது தெரியுமா?

என் நாக்கு கழன்றது.

"பவளக்கா… விஜயதசமி வியாழக்கிழமையே முடிஞ்சுதெல்லோ?"

"என்ன?"

"நான் கலண்டர்த் தாள் கிழிக்கேக்க பாத்தனான். வியாழன் தசமி. ரூம் கிடைக்கேல்லை எண்டுதானே நாங்கள் இண்டைக்கு வைச்சனாங்கள்?"

பவளக்காவின் வாய் திறந்தபடியே நின்றது.

"அப்ப… நாங்கள் இண்டைக்குச் செய்தது?"

"அதுவும் பூசைதான், அக்கா. எங்களுக்காண்டி வீக்கெண்டில வாறதுக்குச் சரஸ்வதி ஓம் எண்டவ. ஏழு மணிக்குள்ள பிள்ளையை விடுறதுக்கு மாட்டன் எண்டோ சொல்லப்போறா?"

பொன்னுத்துரை அண்ணைதான் முதலில் சிரித்தார். பிறகு ஒவ்வொருவராக. கடைசியில் பவளக்காவுக்கும் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு கைப்பையைத் திறந்தார். பொல்லாத பை… கண்ணாடி, மருந்து, கற்கண்டு எல்லாம் வந்த பிறகுதான் திறப்பு வந்தது!

கற்பூரம் காட்டி, தன் கையாலேயே கிற்றாரை எடுத்து மதுராவிடம் கொடுத்தார். "கொண்டு போ, பிள்ளை. ஆனா விபூதியைத் துடைக்கப்படாது."

மதுரா முதலில் துளைக்குள் பார்த்தாள். பிறகு என்னைக் கட்டிப் பிடித்தாள். நடுவில் கிற்றார் இருந்தபடியால் என் சேலையெல்லாம் சந்தனம்.

"எங்க பாட்டு? நாங்களும் வரலாமோ?" என்றார் பவளக்கா.

அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல! இரண்டு காரில் ஒன்பது பேர். பாட்டு நடந்த இடம் ஒரு கோப்பிக் கடை. இளம் பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். பட்டுச் சேலைக்கு மேல் ஜக்கெற்றும், காலில் சப்பாத்துமாக நாங்கள் வரிசையாகப் போய் முன்னுக்கு இருந்தோம். பொன்னுத்துரை அண்ணை அங்கே வேலை செய்கிற பிள்ளையிடம் பால் விடாத பிளேன்ரீ கேட்டு, அது வராமல் பெரிய கப்பில் பச்சை நிறத்தில் ஏதோ வந்தது. முழுவதையும் குடித்தார்.

மதுரா மேடையில் ஏறினாள். கிற்றாரில் திருநீற்றுக் குறியும் பொட்டும் லைற்றில் பளிச்சென்று தெரிந்தன. முதல் பாட்டிலேயே உள்ளே ஏதோ சலசல என்றது. பூசையில் போட்ட அரிசி! அவள் பாட்டை நிறுத்தி, கிற்றாரைக் கவிழ்த்துக் குலுக்கினாள். மேடையில் அரிசி கொட்டியது. மைக்கில் ஏதோ இங்கிலிஷில் சொன்னாள். கடை முழுவதும் விழுந்து விழுந்து சிரித்து, எங்களைப் பார்த்துக் கை தட்டியது.

"என்ன சொன்னவள்?" என்று சுதனைக் கேட்டேன்.

"கள்ளன் முன் வரிசையில இருக்கிறா எண்டு சொன்னவள், அம்மா."

ஜக்கெற்றின் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டுதான் மிச்சப் பாட்டெல்லாம் கேட்டேன். ஒரு பாட்டு அவளுடைய அப்பாவைப் பற்றியது என்று சுதன் சொன்னான். சொல் விளங்கவில்லை. ஆனால் தொப்பிக்குள்ளே கண்ணீர் மட்டும் வந்துகொண்டிருந்தது. பவளக்கா ஒவ்வொரு பாட்டுக்கும் தாளம் போட்டார், எல்லாவற்றுக்கும் ஆதி தாளம்.

கடைசியாக உங்களிடம் ஒரு உதவி. வியாழக்கிழமை தசமி என்று சபையில் அடித்துச் சொல்லிவிட்டேன். இப்போது எழுதும்போது ஒரு சந்தேகம்… வியாழனா, வெள்ளியா, இல்லை அந்தத் தாளில் இருந்ததே வேறு ஏதாவதா? வீட்டில் பஞ்சாங்கம் வைத்திருப்பவர்கள் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். பிழை என்றால் எனக்கு மட்டும் சொல்லுங்கள். பவளக்காவுக்கு வேண்டாம்!