செல்லாத பத்து மார்க்

லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுக் கனகாம்பிகை அக்கா, ஒரு ராணியை ஐந்து வருடம் சாமித்தட்டில் வைத்துக் கும்பிட்டவர். அந்த ராணி ராணியே இல்லை என்பதுதான் கதை.

1985இல் லண்டனுக்கு வரும் வழியில் கிழக்கு பெர்லினில் தேநீர் குடித்தபோது, மிச்சக் காசாக ஒரு பத்து மார்க் நோட்டு அவர் கைக்கு வந்தது. கொழும்பில் மின்பொறியியல் படித்தவர். போகிற நாட்டில் என்ன வேலை கிடைக்குமோ என்று பயம். "பிள்ளையாரப்பா, படிச்ச படிப்புக்கு ஒரு வேலை தந்தால் இந்தக் காசை உன்ர உண்டியலில போடுறன்" என்று நேர்ந்து, அதை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டார். நோட்டில் நரைத்த தலையோடு ஒரு பெண். நாங்கள் அறிந்த நோட்டுகளில் பெண் என்றால் ராணிதானே? அக்காவும் அது ராணி என்று முடிவு கட்டிவிட்டார்.

லண்டனில் கிடைத்ததோ ஆஸ்பத்திரி லோன்றியில் விரிப்புகளை அயன் பண்ணும் வேலை. 1990 கோடையில் ஒரு மின்நிலையம் அவரைப் பயிற்சி வேலைக்கு நேர்முகத்துக்கு அழைத்தது. பயிற்சியில் தேறாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். லோன்றி வேலை நிரந்தரம். போவதா விடுவதா என்று அக்கா தவித்தார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவு படித்துவிட்டு என்ன நடுக்கம்?

அந்த நேரம் பார்த்துத்தான் இரண்டு ஜெர்மனிக்கும் ஒரே காசு என்றாகி, கிழக்கு ஜெர்மனியின் காசு செல்லாமல் போனது.

"உம்மட நேர்த்திக்காசு செத்துப்போச்சப்பா" என்று கணவர் பாலேந்திரா சிரித்தார்.

அக்கா பதறிப்போய் முடிச்சை அவிழ்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். "ஐயோ, ராணியின்ர காசு..."

"ராணியோ? அது கிளாரா செற்கின். பெண்கள் தினம் வேணுமெண்டு நிண்ட கம்யூனிஸ்ற்." பாலேந்திரா ஊரில் செங்கொடி பிடித்தவர், விடுவாரா? "அந்த நோட்டுகளில ராசா ராணிக்கு இடமில்லை. முன்பக்கம் போராடின ஆக்கள், எழுதின ஆக்கள். பின்பக்கம் வேலை. அஞ்சு மார்க்கில வயல் அறுக்கிற மெசின். இதைத் திருப்பிப் பாரும்."

திருப்பினார். மின்நிலையத்தின் கட்டுப்பாட்டு மேசைக்கு முன்னால் ஒரு பெண் வேலை செய்துகொண்டிருந்தாள்.

அக்கா நோட்டை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார். "நான் கேட்டது பின்பக்கத்திலயே இருந்திருக்கு. அவிட்டுப் பாக்கேல்லை" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

நேர்முகத்துக்குப் போனார். வேலை கிடைத்தது, பயிற்சியிலும் தேறினார். அடுத்த வருடம் நேர்த்தியை முடிக்க விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்கு நானும் கூடப் போனேன். உண்டியலடியில் நின்ற தொண்டர் பத்மநாதன் நோட்டைக் கண்டுவிட்டார்.

"அக்கா, இது செல்லாதெல்லோ? வேற காசு போடுங்கோவன்."

மின்நிலையத்தில் வேலை செய்யும் அந்தப் பெண் வெளியே தெரியும்படி அக்கா நோட்டை மடித்தார்.

"எனக்குச் செல்லுபடியான காசு, தம்பி. பிள்ளையாருக்கும் செல்லும்."