அப்பாவின் தோளைத் தொட்டவர்

ஆண்டவருக்குள் இளைப்பாறும் எங்கள் அப்பாவைப் பற்றி ஆண்டு நினைவிதழுக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி மூத்த மகளான என்னிடம் கேட்டார்கள். நல்லது நிறையவே உண்டு. ஆனால் எழுத உட்கார்ந்தால் வெட்கம்தான் முந்திக்கொண்டு வருகிறது.

கடுகண்ணாவைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த அப்பா, இளம் வயதிலேயே கட்டுகஸ்தோட்டைக்கு வந்து, ஹார்ட்வெயார் கடையில் நின்றே என்னையும் தம்பியையும் ஆளாக்கினார். கோயிலில் அவரில்லாமல் ஒன்றும் அசையாது. ஞானஸ்நானத்தில் குழந்தைக்கு ஞானப் பெற்றோராக நிற்பவர்கள், ஆயர் எண்ணெய் பூசித் தரும் உறுதிப்பூசுதலைப் பெற்றிருக்க வேண்டும், பூசைக்கு ஒழுங்காக வர வேண்டும், பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கத் துணைநிற்க வேண்டும் என்று எல்லோருக்கும் விளக்குவதும் அவர்தான்.

பேக்கரியில் வேலை செய்யும் அந்தோனி ஒருநாள் கைக்குழந்தையோடு வந்தார். “ஒங்கள விட்டா எங்களுக்கு இங்க யாரு மாமா இருக்கா? இவளுக்கு நீங்கதான் ஞானத்தகப்பனா நிக்கணும்” என்றார். அப்பாவின் முகம் ஏன் கறுத்தது என்று எங்களுக்கு அப்போது விளங்கவில்லை. மறுநாளே அவர் பங்குத்தந்தையிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டார்.

“நான் இன்னும் உறுதிப்பூசுதல் எடுக்கல பாதர். சின்ன வயசுல ஆயர் வந்த வருஷம் எனக்கு அம்மை போட்டிருந்திச்சு. பொறகு சொல்ல வெட்கமாப் போச்சு.”

ஒவ்வொரு முறையும் ஆயர் வரும்போது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவர் அவர். விஷயம் வெளியே தெரிந்ததும், ஊருக்குத்தான் உபதேசமா என்று நாலு பேர் சிரித்தார்கள். எனக்குக் கோயில் பக்கம் தலைகாட்ட முடியவில்லை.

“இந்த வயசுல சின்னப் பிள்ளைகளோட வரிசையில நிக்கப் போறீங்களா அப்பா? எங்க மானம் என்னாகுறது?”

“அப்ப, பொய்யா நின்னு அந்தப் பிள்ளையத் தூக்கச் சொல்றியா?”

அந்தோனியோ, அப்பா உறுதிப்பூசுதல் எடுத்து முடிக்கும்வரை ஞானஸ்நானத்துக்குப் பொறுத்திருப்பதாகச் சொல்லிவிட்டார்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து அப்பா மறைக்கல்வி படித்தார். உறுதிப்பூசுதலுக்கும் ஒரு ஞானப் பெற்றோர் பின்னால் நின்று தோளில் கை வைக்க வேண்டும். தம்பியைக் கேட்டார், அவனுக்குக் கொழும்பில் வேலை வந்துவிட்டது. என்னைக் கேட்டார், எனக்குத் தலைவலி வந்துவிட்டது. கடைசியில் அந்தோனிதான் நின்றார். தன் மகன் வயதுப் பையனின் கை தோளில் இருக்க, அப்பா ஆயர் முன் தலைகுனிந்தாராம். அதைப் பார்க்கக்கூட நான் போகவில்லை.

அடுத்த ஞாயிறு ஞானஸ்நானத்தில் அப்பா அந்தக் குழந்தையைக் கைகளில் ஏந்தி நின்றார். அவர் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

சென்ற வருடம் அப்பாவை அடக்கம் செய்த அன்று, சேமக்காலையில், “குடும்பத்து ஆக்கள் முன்னுக்கு வாங்க” என்றார்கள். நாங்கள் முண்டியடித்துப் போனோம். அந்தோனி மகளைத் தூக்கிக்கொண்டு கேற்றடியில் நின்றார். அவரைக் கூப்பிட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நோயில் அப்பாவைப் பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் சோறு அனுப்பிய பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்தாருக்கும், பூசை ஒப்புக்கொடுத்த பங்குத்தந்தைக்கும் எங்கள் நன்றி.

அந்தோனி தம்பி, நாங்கள் நிற்க வேண்டிய இடத்தில் நீங்கள் நின்றீர்கள். ஆண்டுப் பூசைக்கு மகளோடு வந்து முன் வரிசையில் உட்காருங்கள். நாங்கள் உங்களுக்குப் பின்னால் உட்காருகிறோம்.