வாய்க்கூடு போட்ட குதிரை

ஐப்பசியில் மழை இறங்கி, நடுவில் கொஞ்சம் வெயிலும் அடித்துவிட்டால் விழிதியூரில் எல்லார் முகமும் மலர்ந்துவிடும். வரப்பு, வாய்க்கால் கரை, கல் நட்டுப் போட்ட மனைக்கட்டு என்று கண் போகிற இடமெல்லாம் புல் கிளம்பும். எனக்கு மட்டும் அந்தப் பச்சையைப் பார்த்தால் பயம். ஊரில் மாடு வைத்திருந்தவர்கள் நிறையப் பேர். குதிரை வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

வளைகுடாவில் ஒரு குதிரை லாயத்தில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். "எல்லார் வூட்டு ஆம்பளையும் போர்வையும் சென்ட்டு பாட்டிலுமா கொண்டாந்தாங்க. எங்க மச்சான் குதிரைக் கிறுக்கைக் கொண்டாந்திருக்காரு" என்று என் மனைவி சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற ஒருவர், கால் கெட்டுப்போன பெட்டைக் குதிரை ஒன்றை வேண்டாம் என்று தள்ளிவிட்டபோது, கிறுக்கு முற்றி அதை வீட்டுக்கு ஓட்டி வந்தேன். ஓட்டி வந்தேன் என்பது பேச்சுக்குத்தான். அது நொண்டி நொண்டித்தான் வந்தது.

அதன் காலைக் கெடுத்தது புல்தான். கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த குதிரையை மழைக்குப் பிறகு அவிழ்த்து விட்டிருக்கிறார்கள். காய்ந்த மாடு கம்பங்கொல்லையில் விழுந்த மாதிரி அது இளம்புல்லில் விழுந்திருக்கிறது. அந்தக் குருத்தில் இனிப்பு அதிகம். மாடு அதைத் தின்று அசைபோட்டுவிட்டுப் போய்விடும். குதிரைக்கோ அந்த இனிப்பால் குளம்புக்குள் வீங்கிவிடும். "இன்னொரு தடவை வந்துச்சுன்னா எழுந்து நிக்காதுங்க. பார்த்துக்கோங்க" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்காக வைக்கோலைப் போட்டே காலத்தைத் தள்ளவும் முடியாது; விலா எலும்பு தெரிய நின்றது. புல்லும் வேண்டும், அளவும் வேண்டும்.

இதில் சிக்கல் என்னவென்றால், எனக்குக் குதிரை தெரியும், புல் தெரியாது. நான் இருந்த இடத்தில் மணல்தான். தீவனம் காய்ந்த கட்டாக லாரியில் வரும். விழிதியூரில் எல்லாருக்கும் புல் தெரியும், குதிரை தெரியாது. அவர்கள் கணக்கில் அது கொஞ்சம் உயரமான மாடு.

என் கொட்டகைக்குப் பின்னால் இருந்த மனைக்கட்டு பிரான்சில் இருக்கும் ஒருவருடையது. மேய்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். அதில் முளை அடித்து வேலி போலக் கயிறு கட்டி, ஒரு பாய் விரிக்கிற அகலத்துக்கு மட்டும் புல்லை விட்டேன். காலையில் முதலில் வைக்கோல், வயிறு பாதி நிறைந்த பிறகு கொஞ்ச நேரம் புல். அடி வரை கடித்துத் தின்ன விடாமல் கயிற்றைத் தள்ளிக் கட்டுவேன். குதிரையோ கயிற்றுக்கு மேலே கழுத்தை நீட்டி அந்தப் பக்கத்துப் புல்லையே பார்த்துக்கொண்டிருக்கும்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. அவருக்கு இரண்டு கறவை மாடு.

"என்ன தம்பி, கண்ணு முன்னாடி இவ்வளவு புல்ல வச்சிக்கிட்டு வாயில்லா ஜீவனப் பட்டினி போடுறீங்க? பாவம் சும்மா விடாது."

"அக்கா, இது மாடு இல்லக்கா."

"மாடோ குதிரையோ, வயிறு ஒண்ணுதானே?"

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக் காரைக்கால் போய்விட்டுத் திரும்பினால், முளையெல்லாம் பிடுங்கிக் கிடக்கிறது. குதிரை நடுப்புல்லில் நிற்கிறது. பக்கத்தில் கழுநீர் வாளி. அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, புண்ணியம் கட்டிக்கொண்ட முகத்தோடு நிற்கிறார்.

எனக்கு முன்கோபம் உண்டு. "கொன்னுட்டீங்களேக்கா!" என்று கத்திவிட்டேன். குதிரை செத்துவிடும் என்றே நம்பினேன். அக்கா ஓடிப்போய் அதன் காதைத் தொட்டார். மாட்டுக்குக் காய்ச்சலென்றால் காதைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள். "சுடலியே தம்பி, நல்லாத்தானே இருக்கு?" அவர் கையைப் பிடிக்கக் கூச்சமாக இருந்ததால், என் கையைக் குளம்பில் வைத்துக் காட்டி, "இங்கதான்க்கா பார்க்கணும். இங்க சுட்டா முடிஞ்சிச்சு" என்றேன்.

மறுநாள் குளம்பு லேசாகச் சுட்டது. குதிரை கால் மாற்றி மாற்றி நின்றது. மருத்துவர் ஊசி போட்டார். வாய்க்கால் தண்ணீரில் அதை நிறுத்தி வைத்துக்கொண்டு நான் துவா செய்தேன். கரையில் உட்கார்ந்திருந்த அக்கா அம்பகரத்தூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். யார் வேண்டுதல் முந்தியதோ, சூடு மெல்ல மெல்ல இறங்கிவிட்டது.

அதற்கப்புறம் அக்கா நைலான் கயிற்றில் பின்னிய ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். வாய்க்கூடு. உழுகிற மாடு பக்கத்துப் பயிரைக் கடிக்காமலிருக்க வாயில் மாட்டுவது. "மாட்டுக்குன்னா நெருக்கமாப் பின்னுவோம். இதுக்கு அடியில மட்டும் ஓட்டை வுட்டிருக்கேன். நுனிப்புல்லு வரும், வாரித் திங்க முடியாது. மூஞ்சி நீளமாச்சேன்னு ஆழமாப் பின்னினேன்" என்றார். முகத்தை வேறெங்கோ திருப்பிக்கொண்டுதான் சொன்னார். லாயத்தில் அத்தனை வருஷம் இருந்தும் எனக்கு இது தோன்றவில்லை.

குதிரை முதலில் தலையை உதறி ஆர்ப்பாட்டம் செய்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், "குதிரைக்குக் கொரோனா" என்று கத்திக்கொண்டு போனார்கள். பிறகு அது ஓட்டை வழியாக ஒவ்வொரு நுனியாக இழுத்துத் தின்னப் பழகிக்கொண்டது. கயிற்றை நான் தாராளமாகத் தள்ளிக் கட்ட முடிந்தது. விலா எலும்பு மெல்ல மறைந்தது.

கார்த்திகையில் ஒரு காலை, மழை விட்டிருந்தது. நான் கொட்டகைக்குப் போகும்போதே அக்கா அங்கே குந்தி, குளம்பில் கை வைத்திருந்தார். "சில்லுன்னு இருக்கு தம்பி. வாய்க்கூடு மாட்டிட்டேன். கயித்த ஓரடி தள்ளிக் கட்டியிருக்கேன், கத்தாதீங்க."

போய்ப் பார்த்தேன். ஓரடிதான் தள்ளியிருந்தது.

படலைத் திறந்தேன். குதிரை வெளியே வந்து ஈரக்காற்றை மோந்தது. அப்புறம் ஓடியது. வாசலிலிருந்து கயிறு வரைக்கும், சேறு தெறிக்க, நாலு காலும் ஒழுங்காக விழ ஓடியது. என்னிடம் வந்த நாளிலிருந்து அது ஓடி நான் பார்த்ததில்லை.

"ஐயையோ, ஓடுது தம்பி! புடிங்க, புடிங்க!"

"ஓடட்டும்க்கா" என்றேன்.