கோச்சுக்குப் போட்ட மேடை

வெளிநாட்டில் நாங்கள் குடியிருக்கும் மிச்சம் என்ற ஊரில் எங்கள் சனம் என் கணவரைக் கோச் அண்ணை என்றுதான் கூப்பிடும். வயிற்றுப்பாட்டுக்கு அவர் ஓட்டுவது பஸ். கோச் வேலைக்குச் சம்பளம் கிடையாது. வருடக் கடைசியில் பள்ளிக்கூடம் ஒரு நன்றி அட்டையும் ஒரு பெட்டி சொக்லேட்டும் கொடுக்கும். அட்டையை அவர் பத்திரப்படுத்துவார், சொக்லேட்டை நான் பத்திரப்படுத்துவேன்.

எல்லாம் மகன் உயர்நிலைப் பள்ளிக்குப் போன வருடம் தொடங்கியது. உதைபந்து பழக்கிய ஆசிரியர் வேலையை விட்டுப் போய்விட்டார், பெற்றோரில் யாராவது உதவ முடியுமா என்று கூட்டத்தில் கேட்டார்கள். மற்றவர்கள் எல்லாம் குனிந்து தங்கள் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் கையைத் தூக்கினார். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட டீமுக்கு விளையாடியவர், பந்து என்றால் பைத்தியம். அன்று அந்தக் கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும் என்று அவரிடம் எத்தனையோ தடவை சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

முதல் வருடம் எங்கள் பிள்ளைகள் எல்லோரிடமும் அடி வாங்கினார்கள். டீமை ஏற்றிய எங்கள் வான் வண்டி வந்து நின்றாலே எதிர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும். இவர் ஷிப்ட் மாற்றி, லீவு எடுத்து, மழையில் நனைந்து, புதன் பின்னேரமும் சனி காலையும் மைதானத்திலேயே கிடந்தார். மகன் பள்ளிக்கூடத்தை முடித்துப் போன பிறகும் இவர் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைகள் வெல்லத் தொடங்கினார்கள். ஒரு வருடம் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கான கோப்பையையே தூக்கினார்கள். தெரு முனைக் கடைக்காரத் தம்பியின் இரண்டு பையன்களும் அந்த டீமில் இருந்தார்கள். கோப்பையோடு எடுத்த படத்தை அவர் கல்லாவுக்கு மேலே, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். எங்கள் தாய்மார் பிளாஸ்கில் தேத்தண்ணியும் பெட்டியில் ரோல்ஸும் கொண்டுவந்து மைதானக் கரையில் நின்று கத்தினார்கள். அந்த நாட்களில் என் கணவர் நிமிர்ந்து நடந்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, வாய் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பிறகு ரியூசன் வந்தது. பத்தாம் வகுப்புக்குப் பிள்ளை போனதும் சனிக்கிழமை காலை கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் போய்விடும். கெட்டிக்கார விளையாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். இவர் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார். எல்லா வீட்டிலும் உட்காரவைத்து வடையும் தேத்தண்ணியும் கொடுத்து, "ஓம் ஓம் அண்ணை, பாப்பம்" என்றார்கள். சனிக்கிழமை ஒரு பிள்ளையும் வராது. அந்தத் தாய்மாரை நான் குறை சொல்லமாட்டேன், அகதியாக வந்த சனத்துக்குப் பிள்ளையின் படிப்பு ஒன்றுதான் கையில் இருந்தது. ஆனால் டீம் திரும்பவும் தோற்கத் தொடங்கியது.

அந்த நேரம் பள்ளிக்கூட நிர்வாகமும் மாறியது. இனி எல்லா விளையாட்டுக்கும் முறைப்படி பயிற்சி பெற்றுச் சான்றிதழ் எடுத்தவர்கள்தான் வருவார்களாம் என்று ஒரு கதை அடிபட்டது. இவரிடம் இருந்தது முதலுதவிச் சான்றிதழ் ஒன்றுதான். வீட்டில் சோறு சரியாக இறங்கவில்லை. அந்தக் கதை கடைக்காரத் தம்பியின் காதுக்கும் போயிருந்தது. ஒருநாள் என்னைக் கடையில் மறித்து, "அக்கா, நீங்கள் யோசிக்காதேங்கோ. ஒரு மண்டபம் எடுத்து அண்ணைக்கு மேடை போடுவம். ஹெட் ரீச்சரையும் கூப்பிட்டு, அவவுக்கு முன்னாலை பொன்னாடை போத்துவம். எங்கடை சனம் அண்ணையை எவ்வளவு மதிக்குது எண்டு கண்டாப் பிறகு அவ அவரிலை கைவைக்க மாட்டா" என்றார்.

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. எங்கள் சனத்துக்கு ஒருவரைப் பிடித்துவிட்டால் பொன்னாடை போர்த்தாமல் இருக்க ஏலாது. வந்தவருக்கும் போர்த்துவோம், இருக்கிறவருக்கும் போர்த்துவோம். இந்த ஊரிலோ ஒரு ஆள் வேலையை விட்டுப் போகும்போதுதான் இப்படிக் கூடி நின்று பேசி, பரிசு கொடுத்து அனுப்புவார்கள். இவ்வளவு காலம் இங்கே இருந்தும் அது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

தேவாலய மண்டபம் ஒன்றில் விழா நடந்தது. வழக்கம்போலப் பிந்தித்தான் தொடங்கியது. விளக்கு ஏற்றினோம், வாழ்த்துமடல் வாசித்தோம். பழைய பிள்ளைகள் வளர்ந்த ஆட்களாக வந்து, அந்த நாளில் கோச் தங்களுக்கு என்னவெல்லாம் செய்தார் என்று ஆங்கிலத்தில் சொன்னார்கள். கடைக்காரத் தம்பி பொன்னாடை போர்த்த, சனம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் இருந்த தலைமை ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். தம்பியின் யோசனை வேலை செய்கிறது என்று நான் நினைத்தேன்.

பிறகு தலைமை ஆசிரியை மைக்கைப் பிடித்தார். விலகிப் போகிற ஒருவருக்கு இவ்வளவு அழகான பிரியாவிடையைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்றார். கோச்சுடைய முடிவு தனக்கு வருத்தம்தான், ஆனாலும் மதிப்பதாகச் சொன்னார். செப்டம்பரில் வேறு ஒருவர் வருவார், இவர் இடத்தை நிரப்புவது சுலபமாக இருக்காது என்றார். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை, கண்டதை நம்பிவிட்டார். பாதிச் சனம் கைதட்டியது, மீதிச் சனம் முழித்தது. கடைக்காரத் தம்பியின் முகத்தில் ரத்தமே இல்லை. என் கணவர் பொன்னாடையோடு எழுந்து, சிரித்தபடி கைகூப்பினார்.

தலைமை ஆசிரியை போனதும் தம்பி ஓடிவந்தார். "அண்ணை, என்ன இது? விட்டிட்டுப் போறியளோ?"

"ஓம்" என்றார் இவர். "அவவிட்டை முதலே சொல்லிட்டன். உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டுதான் யோசிச்சுக்கொண்டு இருந்தனான். வயசும் போகுதெல்லே. நீங்கள் நல்ல நேரத்திலை செய்திருக்கிறியள்."

தம்பிக்கு மூச்சு வந்தது. எனக்குத்தான் மூச்சு நின்றது. காரில் ஏறியதும் வெடித்தேன்.

"என்னப்பா விசர்க்கதை இது? திங்கட்கிழமையே போய், நான் விலகேல்லை எண்டு சொல்லுங்கோ."

"சொன்னால் அவன்ரை நிலைமை என்ன? என்னை வைச்சிருக்கவெண்டு ஓடியோடி மேடை போட்டவன். அந்த மேடையாலைதான் நான் போனன் எண்டு தெரிஞ்சால், அவன் சாகுமட்டும் அதையே நினைச்சுக்கொண்டு இருப்பான்."

"அப்ப உங்கடை நிலைமை?"

"நீர் சும்மா இரும்" என்றார்.

செப்டம்பர் வந்ததும் சனிக்கிழமை காலை ஷிப்டைத் தானாகக் கேட்டு வாங்கினார். டீவியில் மட்ச் போனால் எழுந்து குசினிக்குள் வந்து, கழுவிய கோப்பைகளைத் திரும்பக் கழுவினார். புதிதாக வந்தவர் நல்ல இளைஞர் என்றுதான் கேள்வி, ஆனால் ஒரு வருடத்தில் பெரிய இடமொன்று கிடைத்துப் போய்விட்டார். பதினொரு பேரைச் சேர்க்கவே பள்ளிக்கூடம் திண்டாடியது.

ஒருநாள் தலைமை ஆசிரியையே தொலைபேசி எடுத்தார். நான் பக்கத்தில் இருந்தேன். சான்றிதழ்ப் பயிற்சிக்குப் பள்ளிக்கூடமே அனுப்பும், திரும்ப வர முடியுமா என்று கேட்டார். என் கணவரின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அந்த முகத்தைக் கண்டு எவ்வளவு காலம்! ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். பிறகு நன்றி சொல்லி, உடம்புக்கு இனி ஏலாது என்று மறுத்துவிட்டார்.

நான் கத்தினேன், அழுதேன். அவர் ஆறுதலாகச் சொன்னார்: "திரும்பிப் போனால், போனவர் ஏன் வந்தவர் எண்டு கதை வரும். தம்பி ஹெட் ரீச்சரோடை நிண்டு ஒரு வார்த்தை கதைச்சால் காணும், எல்லாம் வெளியிலை வந்திடும்."

அடுத்த வருடம் டீமையே மூடிவிட்டார்கள். கோல் கம்பங்களையும் கழற்றிவிட்டதாக மகன் வந்து சொன்னான். அவர் தலையை ஆட்டினார், சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

போன கிழமை கறிவேப்பிலை வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். அந்தக் கடையில் நான் சண்டை பிடிக்காத சாமான் இல்லை. அழுகிய கத்தரிக்காய்க்கும் வாடிய முருங்கைக்காய்க்கும் தம்பியை நாக்குப் பிடுங்கக் கேட்டிருக்கிறேன், எதையும் மனதில் வைத்துக்கொண்டு வெளியே வந்தவள் இல்லை. தம்பி கறிவேப்பிலையைப் பையில் போட்டுத் தந்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ரீமை மூடிட்டினம் அக்கா, எனக்குச் சரியான கவலை. அண்ணை இன்னும் கோச்சா இருந்திருந்தால் இதையெல்லாம் கண்ணாலை பாத்து மனம் உடைஞ்சிருப்பார். நல்லகாலம், மரியாதையோடை விலகிட்டார். அண்டைக்கு நாங்கள் அந்த மேடையைப் போட்டது எவ்வளவு நல்லதாப் போச்சுது, என்ன?"

முகமெல்லாம் சந்தோசமாக, என் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார்.

"ஓம் தம்பி" என்றேன். "நல்லதாப் போச்சுது."